தியாகராசன் கோச் பார்த்த கதை

எங்கள் குடவாசலில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால் முதலில் ஜாதகத்தைப் பார்ப்பார்கள், அடுத்துத் தியாகராசனைப் பார்ப்பார்கள். ஜாதகம் பொருந்தியும் தியாகராசனால் நின்றுபோன கல்யாணங்கள் எத்தனை என்று கேட்டால் அவரே பெருமையாகச் சொல்வார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று விசாரித்து வந்து சொல்வதுதான் முப்பது வருடமாக அவர் ஊருக்குச் செய்யும் தொண்டு. இதற்கு ஒரு பைசா வாங்கியதில்லை. அதுதான் வினையே. காசு வாங்கியிருந்தால் மனசாட்சிக்குப் பயந்து நாலு கல்யாணத்தையாவது நடக்க விட்டிருப்பார்.

அவர் விசாரிக்கிற முறையே தனி. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். அந்தத் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் ஒரு துணிப்பையோடு ஏதோ வாங்க வந்தவர் போல நிற்பார். டீக்கடையோ இஸ்திரி வண்டியோ பெட்டிக்கடையோ, எங்கே ஆள் வாயாடியாக இருக்கிறாரோ அங்கே பேச்சுக் கொடுப்பார். பதில் சொல்கிறவர் யார், என்ன பேர் என்று மட்டும் கேட்கவே மாட்டார். பேரைக் கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான், அப்புறம் உண்மை வராது என்பது அவருடைய சித்தாந்தம். சாதியையும் நேராகக் கேட்க மாட்டார், அவ்வளவு நாகரிகம். "குலதெய்வக் கோயில் எந்த ஊரு?" என்று பக்தியோடு விசாரிப்பார். அதிலேயே எல்லாம் வந்துவிடும்.

என் தங்கை மகனுக்குக் கூடிவந்த ஒரு நல்ல சம்பந்தத்தை, 'பையன் சாப்பிடும்போது போன் பார்க்கிறான்' என்று ஒரே வரியில் முடித்துவைத்தவரும் இவர்தான். அன்று முதல் அவருக்கும் எனக்கும் பேச்சு உண்டு, மன்னிப்புக் கிடையாது.

ஊரான் வீட்டு மாப்பிள்ளைகளையே இந்தப் பாடு படுத்துகிறவர், சொந்த மகளுக்கு வந்தவர்களை விடுவாரா? மகள் செம்மொழிக்கு முப்பத்தொரு வயது. தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அவளுக்குப் பதினான்கு வரன் வந்தது. பதினான்கையும் அப்பாவே விசாரித்து, அப்பாவே கழித்துக்கட்டினார். ஒருவன் நகம் கடிக்கிறவன், ஒருவனுடைய அண்ணன் சீட்டாடுகிறவன், ஒருவன் சலூனில் அரசியல் பேசுகிறவன். போன தை மாதம் அவள் அப்பாவை உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு பையனப் பாருங்கப்பா. அதையும் வேணாம்னீங்கன்னா என் கல்யாணத்த நானே பாத்துக்கறேன்."

தியாகராசன் இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். குறையே இல்லாத ஒருவனை இந்தத் தடவை பிடித்துக் காட்டுகிறேன் என்றும் சொன்னார்.

எங்களிடம் என்றால், கோர்ட்டில் உட்காரும் கூட்டத்திடம். ஊருக்கு வெளியே கும்பகோணம் சாலையில் அருள்மொழி கலைக் கல்லூரி இருக்கிறது. அதன் கூடைப்பந்து அணிக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பேர் உண்டு. கோர்ட்டின் ஓரமாக நாலு வரிசை சிமெண்டுப் படி. நடைப்பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு, காலை ஆறு மணிக்கு அங்கே வந்து உட்கார்ந்து, பையன்கள் ஓடுவதை வேடிக்கை பார்க்கும் ரசிகர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். நான் தமிழரசன், உரக்கடை வைத்திருக்கிறேன். இதே கல்லூரி அணியில் மூன்று வருடம் இருந்தேன். ஆடினேன் என்று சொன்னால் பொய். பக்கத்தில் சேக் தாவூது பாய், பூர்வீகம் கூத்தாநல்லூர், பாத்திரக்கடை இங்கே, மகன் துபாயில். தியாகராசன் பந்தைத் தொட்டதே இல்லை. அதனால் அவருக்குத்தான் எல்லாம் தெரியும்.

போன கோடையில் எங்கள் கோச் கத்தாரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். இருந்தவரை அவரை ஒரு நாளும் நாங்கள் நல்லபடியாகப் பேசியதில்லை. விமானம் ஏறியதும் அவரைப் போல உண்டா என்று ஆரம்பித்தோம். பிறகு, அடுத்த கோச் யார் என்ற பேச்சு எழுந்தது. குறுவைக்கு மேலுரம் போடுகிற நேரம், என் கடை வாசலில் யூரியாவுக்கு ஆட்கள் நின்றார்கள். நான் படியில் உட்கார்ந்து ஜோன் டிஃபென்ஸ் என்கிற தடுப்பாட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

கோச் ஆறடிக்குக் குறையக் கூடாது என்றார் ஒருவர். ஆடப்போவது பையன்கள்தானே என்றால், அண்ணாந்து பார்த்தால்தான் மரியாதை வரும் என்றார். பாட்டியாலாவில் கோச்சுக்குப் படித்த டிப்ளமா இல்லாதவனை உள்ளேயே விடக் கூடாது என்றார் இன்னொருவர்; பாட்டியாலா எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பாய்க்கு உள்ளூர் ஆளே ஆகாது.

"ஃபாரின் கோச்தான் சரி. எம்மவன் ரூமுக்குப் பக்கத்து ரூம்ல ஒரு பிலிப்பைன்ஸ்காரரு இருக்காரு. அவங்க ஊருல நடக்கப் பழகுறதுக்கு முன்ன பந்து தட்டப் பழகிடுவாங்களாம்."

"அங்க கோச்சா இருக்காரா பாய்?"

"இல்ல. லிஃப்ட் மெக்கானிக்கா இருக்காரு."

ஒரு வாரம் அந்த லிஃப்ட் மெக்கானிக்கையும் வைத்துச் சண்டை போட்டோம். கடைசியில், அவரைப் பற்றி விசாரிக்க மணிலாவில் தனக்குத் தெரிந்த டீக்கடை எதுவும் இல்லை என்று தியாகராசன் கையை விரித்ததால் மெக்கானிக் பேர் விழுந்துபோயிற்று. இது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. தியாகராசன் அதைக் கவலையோடுதான் சொன்னார்.

இந்தச் சண்டையெல்லாம் படியோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கல்லூரிச் செயலாளருக்குக் கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று தெரியாது. ஆனால் தியாகராசனைத் தெரியும். முப்பது வருடத்தில் அவர் 'பரவாயில்லை' என்று சொன்ன ஏழெட்டு மாப்பிள்ளைகளில் செயலாளரின் மருமகனும் ஒருவர். ஒரு நாள் காலை அவரே கோர்ட்டுக்கு வந்துவிட்டார்.

"ரெண்டு பேரு அப்ளிகேஷன் போட்டிருக்காங்க. ரெண்டு பேருமே தகுதியானவங்கதான்னு பிசிகல் டைரக்டர் சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை விசாரிச்சுச் சொல்லிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி."

தியாகராசனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அன்றே துணிப்பையைத் துவைத்துக் காயப்போட்டார். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"அண்ணே, கோச்ச விசாரிக்கறதுன்னா அவரு ஆடவைக்கிற டீமப் போய்ப் பாக்கணும்ணே. தெருவுல என்ன இருக்கு?"

"டீமப் பாத்தா டீம்தான் தெரியும் தம்பி. ஆளு தெரியணும்னா தெருவுக்குத்தான் போகணும்."

"சரி, குலதெய்வம் கேப்பீங்களா?"

"கேக்காம?"

குலதெய்வம் எந்த ஊரில் இருந்தால் ஃப்ரீ த்ரோ விழும் என்று நான் கேட்பதற்குள் அவர் பஸ் நேரம் விசாரிக்கப் போய்விட்டார்.

முதல் ஆள் கும்பகோணம் பக்கம். பேர் ராஜராஜன். தெருமுனை இஸ்திரிக்காரர் சொன்னதைத் தியாகராசன் படியில் நின்று எங்களுக்கு அப்படியே ஒப்பித்தார். தங்கமான பிள்ளை. அதிர்ந்து பேச மாட்டார். யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். எதிர்த்து ஒரு வார்த்தை வராது. சாயங்காலம் ஆறு மணி அடித்தால் வீட்டில் இருப்பார், இருக்கிற சத்தமே கேட்காது.

"இப்படி ஒரு பையன நான் பாத்ததே இல்ல தம்பி. ஒரு குறை கெடையாது."

"அப்ப செம்மொழிக்குப் பாருங்களேண்ணே."

"கல்யாணமாயி ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார். வாழ்க்கையில் அவர் உண்மையாக வருத்தப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

இரண்டாவது ஆள் ராஜ்குமார். திருவையாறு. முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, ஒரு பள்ளிக்கூட அணியைச் சொற்பச் சம்பளத்துக்குப் பழக்கிக்கொண்டிருந்தான். எங்கள் கல்லூரி வேலை கிடைத்தால் அவனுக்கு அது பெரிய வாழ்வு. அவன் தெருவில் ஒரு பெட்டிக்கடை. ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். தியாகராசன் ஒரு சீப்புப் பூவன்பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ராஜ்குமார்னு ஒரு தம்பி இருக்காமே, ஆளு எப்படிம்மா என்று ஆரம்பித்திருக்கிறார். "பொண்ணு வீடா?" என்று கேட்டாளாம். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்தார். அப்புறம் அந்த அம்மாள் கொட்டிவிட்டாள். "கேக்குறீங்களேன்னு சொல்றேன். ஒரு பொண்ணு வந்து ஏமாறக் கூடாது பாருங்க. அவன் வீடு தங்க மாட்டான்" என்று தொடங்கி, பழம் கறுத்துப்போகிற அளவுக்குப் பேசினாளாம். ஒரு பெட்டிக்கடை அம்மாள் முப்பத்து மூன்று வயது வாத்தியாரை ஏன் அவன் இவன் என்று பேசுகிறாள் என்று முப்பது வருட அனுபவசாலிக்குத் தோன்றவே இல்லை.

அறிக்கையை அவர் சொல்லச் சொல்ல, செம்மொழிதான் போனில் தட்டி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். அது இன்னும் என் போனில் இருக்கிறது. ராஜ்குமார் மகா கோபக்காரன், தப்பாக விசில் ஊதியதற்கு ரெஃப்ரியோடு சண்டை போட்டு ஒரு மாதம் தடை வாங்கியவன். வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவான் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. சம்பளத்தில் பையன்களுக்கு ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் கையைப் பிசைகிறவன். ஒரு பையனுக்குக் கால் முறிந்தபோது பத்து நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, சொந்தச் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு வராதவன். கடைசி வரி: 'குடும்பத்துக்கு ஆகாது.'

தட்டி முடித்ததும் செம்மொழி கேட்டாளாம், "இதெல்லாம் குறையாப்பா?"

"பின்ன?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

நான் குழுவில், எங்களுக்கு வேண்டியது கோச்சா மாப்பிள்ளையா என்று எழுதினேன். ஆறு பேர் தியாகராசனுக்குக் கைகூப்புகிற படம் போட்டார்கள். ராஜராஜன் வேலைக்கு வந்தார். ராஜ்குமார் தஞ்சாவூரில் வேறொரு கல்லூரிக்குப் போனான்.

ராஜராஜனை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். எந்த வீட்டுக்கும் மருமகனாக அனுப்பலாம். சாயங்காலப் பயிற்சி ஐந்தரைக்கே முடிந்துவிடும், ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா. பையன்கள் தப்புச் செய்தால் அவர் முகம் வாடும், அவ்வளவுதான். புரட்டாசியில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி எங்கள் கோர்ட்டிலேயே நடந்தது. முதல் ஆட்டமே தஞ்சாவூரோடு. பாதி ஆட்டத்தில் இருபது புள்ளி பின்னால் கிடக்கிறோம். டைம் அவுட் கேட்டார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தோம். "யாருக்காவது தண்ணி வேணுமாப்பா?" என்றார்.

எதிர்ப்பக்கம் ராஜ்குமார் கோட்டுக்கு வெளியே நடையாக நடந்தான். தன் பையன் ஒருவனை இடித்துத் தள்ளியதற்கு விசில் ஊதவில்லை என்று ரெஃப்ரியிடம் கத்தி டெக்னிக்கல் ஃபவுல் வாங்கினான். அதற்குப் பிறகு அவன் பையன்கள் ஆடிய ஆட்டத்தை நான் எழுதப்போவதில்லை, எனக்கு இன்னும் வலிக்கிறது. எழுபத்தொன்பதுக்கு முப்பத்தெட்டு. நாற்பத்தொரு புள்ளியில் சொந்த மண்ணில் தோற்றோம். ராஜராஜன் எழுந்து போய் ரெஃப்ரிக்கு நன்றி சொன்னார்.

நாங்கள் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, தியாகராசன் மட்டும் தொடையைத் தட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா, கோவக்காரன்னு சொன்னேன்ல. என் விசாரணை என்னிக்குப் பொய்யாப் போயிருக்கு?"

அவரை அந்தப் படியிலிருந்து உருட்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஐப்பசியில் செம்மொழிக்குப் பதினைந்தாவது வரன் வந்தது, மன்னார்குடிப் பையன். தியாகராசன் விசாரித்துவிட்டு வந்து, பையனுடைய செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, நடையில் ஏதோ கோளாறு என்றார். மனைவி அழுதாள். செம்மொழி அழவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். பெண் பணிந்துவிட்டாள் என்று அவர் எங்களிடம் சொன்னார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் கடைக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் நான், பாய், தியாகராசன் மூவரும் உட்கார்ந்திருந்தோம். கும்பகோணம் பஸ்ஸிலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. ஒரு டீ சொல்லிவிட்டு எங்கள் பக்கம் பார்த்தவள், தியாகராசனைக் கண்டதும் நேராக அவரிடம் வந்துவிட்டாள்.

"ஐயா, நீங்க திருவையாத்துல எங்கடைக்கு வந்து பழம் வாங்கினவருதானே? எம்மவனப் பத்தி விசாரிச்சீங்களே."

தியாகராசன் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியிலே நிறுத்தினார்.

"உங்க மவனா?"

"ராஜ்குமாரு. நீங்க எந்தப் பொண்ணுக்காக வந்தீங்களோ, அது அமையல. போவுது. இப்ப இந்த ஊருப் பொண்ணு ஒண்ணு, தஞ்சாவூர்ல ரத்தம் எடுக்குற எடத்துல வேலை பாக்குதாம். அவன் பசங்கள ஆடவைக்கிறத தெனமும் வந்து பாத்துட்டு, அதுவே போயிப் பேசியிருக்கு. பசங்களுக்கு ஷூ வாங்கித் தர்றவரு நீங்கதானான்னு கேட்டுச்சாம். யாரு சொன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குதாம், சிரிக்குதாம். ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சு."

பாய் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"பொண்ணப் பத்தி எனக்குக் கேக்க ஒண்ணுமில்ல" என்று அவள் தொடர்ந்தாள். "பொண்ணோட அப்பாதான் ஒரு மாதிரிங்கறாங்க. தியாகராசன்னு பேராம். நீங்க நாலு எடம் விசாரிக்கிறவரு, உங்களுக்குத் தெரியாம இருக்காது. அன்னிக்கு நான் பெத்த புள்ளையோட குறைய ஒண்ணு விடாம உங்ககிட்ட சொன்னேன். நீங்களும் ஒளிக்காம சொல்லுங்க. அந்த ஆளு எப்படி?"

இந்த ஒரு கேள்விக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். என் தங்கை மகனில் தொடங்கி, நாற்பத்தொரு புள்ளி வரைக்கும் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயைத் திறந்தேன். பாய் என் தொடையை அழுத்தினார்.

தியாகராசன் தம்ளரைப் பெஞ்சில் வைத்தார். தன்னைப் பற்றித் தானே நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுத் தப்பித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். யாரும் தடுத்திருக்க மாட்டோம்.

"நல்லவருன்னு சொல்றதுக்கில்லம்மா" என்றார். "கெட்டவரும் இல்ல. எந்தப் பையனும் அவரு கண்ணுக்கு ஆள் மாதிரியே தெரிய மாட்டான். அவரால எத்தனையோ வீட்டுல கல்யாணம் நின்னுருக்கு. விசாரிக்கறதுல தன்ன மாதிரி ஆள் இல்லன்னு நெனப்பு." தம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "விசாரிக்கவே தெரியாத ஆளும்மா. ஒரு பையனோட அம்மாகிட்டயே அரை மணி நேரம் நின்னு பேசிட்டு, அது அம்மான்னுகூடத் தெரியாம வந்து, அந்தப் பையனுக்கு வர இருந்த வேலையையே கெடுத்த ஆளு."

அந்த அம்மாள் அவரையே பார்த்தாள். டீ மாஸ்டர் அவளுக்குரிய தம்ளரை நீட்டினார், அவள் வாங்கவில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டவும் அவளுக்கு உரிமை இருந்தது.

"பொண்ணு எப்படி?" என்றாள்.

"பொண்ணு அப்பன் மாதிரி இல்லம்மா. நேருல போயி, ஆடவைக்கிறதப் பாத்து விசாரிச்சிருக்கு."

அவள் டீயை வாங்கி நின்றபடியே குடித்தாள். பிறகு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். தியாகராசன் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ஒரு சம்பந்தத்தை வீடு வரைக்கும் அவர் தானே கூட்டிக்கொண்டு போவதை இந்த ஊர் அன்றுதான் பார்த்தது. நாலடி நடந்ததும் நின்று, அவள் பக்கம் திரும்பினார். போச்சு, குலதெய்வம் கேட்கப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"உங்க பேரு என்னம்மா?" என்றார்.

மங்களாம்பிகை என்று சொன்னாள். இருவரும் தெருவுக்குள் திரும்பினார்கள். என் தங்கை மகன் விஷயத்தை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று நான் கடையைத் திறக்கப் போனேன்.